பதில் சொன்னவர் லோம்பே

முதல் தடவை அந்த அழைப்பு வந்தபோது முபாங்கா சோளக்களி கிளறிக்கொண்டிருந்தாள். அலமாரி மேல் இருந்த கபாசோவின் போன் அடித்தது. கணவன் இறந்து ஆறு வாரமாகியும் அவள் அதற்கு சார்ஜ் போட்டுக்கொண்டுதான் இருந்தாள். விஷயம் தெரியாமல் யாராவது கூப்பிட்டால் எடுத்துச் சொல்ல வேண்டாமா என்பது அவள் தனக்குச் சொல்லிக்கொண்ட காரணம்.

"வணக்கம். மிஸ்டர் கபாசோ இருக்காருங்களா?" பெண் குரல். பின்னால் ஏதோ பாட்டு ஓடிக்கொண்டிருந்தது.

"யாரு?"

"டிவி சேனல்லேருந்து பேசறோம். தேன்காட்டிக் குருவி கார்ட்டூன் படத்துக்குப் பரிசுப் போட்டி நடத்தினோமில்ல, அதுல அவருக்கு..."

முபாங்கா கரண்டியைக் களியில் குத்தி நிறுத்தினாள். "ம்புயா, போதும். கை வேலையா இருக்கேன்" என்று சொல்லி வைத்துவிட்டாள்.

இது அடுத்த வீட்டு ஜெரே தன் அக்கா மகளைப் பேச வைத்துச் செய்த வேலை என்பதில் அவளுக்குச் சந்தேகமே இல்லை. ஜெரே ங்கோனிக்காரர். கபாசோவும் முபாங்காவும் பெம்பா. கொள்ளுத்தாத்தா காலத்தில் இந்த இரண்டு இனமும் ஈட்டியால் பேசிக்கொண்டன. அதன்பிறகு வாயால் பேசிக்கொள்கின்றன. ங்கோனி பெம்பாவைக் குரங்கு தின்னி என்பான், பெம்பா ங்கோனியை எலி தின்னி என்பான். கோபித்துக்கொண்டவன் தோற்றவன். இந்தக் கேலி உறவுக்கு ம்புயா என்று பெயர். சாவு வீட்டில் ம்புயாவுக்கு வேலை கூடும். ரத்த சொந்தங்கள் அழும்போது அடுப்பைப் பார்ப்பதும் சவப்பெட்டி தூக்குவதும் அவன். கூடவே செத்தவரைக் கேலி செய்வதும் அவன்தான். அழுது களைத்தவர்களை நடுவில் ஒருமுறையாவது சிரிக்க வைக்காவிட்டால் அவன் வந்ததில் அர்த்தமில்லை.

ஜெரே அதைக் குறைவில்லாமல் செய்தவர். அடக்கத்துக்கு முந்தைய நாள், முற்றத்தில் மெத்தைகளைப் போட்டுப் பெண்கள் ஓய்ந்து கிடந்த நேரத்தில், கபாசோவின் போன் அடித்தது. ஜெரே எடுத்து அச்சாகக் கபாசோவின் மெதுவான குரலிலேயே பேசினார். "கபாசோதான் பேசறேன். இப்ப முடியாது, படுத்திருக்கேன். எழுந்ததும் கூப்பிடறேன்." பெண்கள் இடுப்புத்துணி நுனியை வாயில் அடைத்துக்கொண்டு சிரித்தார்கள். முபாங்காவும் சிரித்துவிட்டாள். அந்தச் சிரிப்பு இல்லாவிட்டால் மறுநாள் காலை தன்னால் எழுந்து நின்றிருக்க முடியாது என்று பிறகு அவள் நினைத்ததுண்டு.

அதற்குப் பிறகும் வாரத்துக்கு ஒரு தடவை அவர் அந்த எண்ணுக்கு அடிப்பார். "சொர்க்கத்துச் சுரங்க ஆபீஸ்லேருந்து பேசறோம். உங்க வீட்டுக்காரர் முதல் ஷிஃப்ட்டுக்கே லேட்டு." முபாங்கா வாய்க்கு வந்தபடி திட்டுவாள். திட்டி முடித்த பிறகு வீட்டு வேலை கொஞ்சம் சுலபமாக ஓடும்.

ஆனால் இந்தக் கேலி சுட்டது. ஏனென்றால் இது லோம்பே விஷயம்.

மகள் லோம்பேவுக்கு எட்டு வயது. தினமும் மாலை ஆறு மணிக்குக் கார்ட்டூன் நேரம். படம் வருவதற்கு முன்னால் ஒரு மாதம் முழுவதும் அந்த நேரத்தில் ஒரு கேள்வி கேட்டார்கள். விடையை நான்கு இலக்க எண்ணுக்கு அனுப்ப வேண்டும். குலுக்கலில் பெயர் வந்தால் பக்கத்து நகரமான கிட்வேயில் படத்தைக் குடும்பத்தோடு முதல் நாளே பார்க்கலாம், குருவியோடு கைகுலுக்கலாம். கபாசோ காலை ஷிஃப்ட் முடிந்து வந்து, சுரங்கத் தூசி போகக் குளித்து, மகளோடு டிவி முன்னால் தரையில் உட்காருவார். இருவரும் தலையை முட்டிக்கொண்டு குசுகுசுவென்று பேசுவார்கள். பிறகு அவர் ஒற்றை விரலால் நெடுநேரம் போனைத் தட்டிக்கொண்டிருப்பார். ஒரு வார்த்தை அனுப்ப இவ்வளவு நேரமா என்று அடுப்படியிலிருந்து முபாங்கா கேட்டால், "அவசரப்படுத்தாதே" என்பார்.

"அப்பா, நாம போவோமா?"

"போவோம். கூட்டிட்டுப் போறேன்னு சொன்னேனில்ல?"

அவர் போன பிறகு லோம்பே ஒரே ஒரு தடவைதான் கேட்டாள். "படம் வந்துடுச்சாம்மா?" முபாங்கா, "தெரியலடி" என்றாள். டிக்கெட் எடுத்துக் கூட்டிப் போகும் வசதி வீட்டில் இப்போது இல்லை. குழந்தை மறுபடி கேட்கவில்லை. கேட்காமல் இருந்ததுதான் முபாங்காவை அறுத்தது.

மறுநாள் அதே பெண் மறுபடி கூப்பிட்டாள். இந்தத் தடவை முபாங்கா அவளை வாக்கியம் முடிக்க விடவில்லை.

"ஏண்டி பொண்ணே, உன்னைப் பேசச் சொல்லிக் கொடுத்த அந்த எலி தின்னிகிட்டப் போய்ச் சொல்லு. கபாசோ எங்க இருக்காருன்னு அவனுக்குத் தெரியும், பெட்டியைத் தூக்கினதே அவன்தான். அங்கயே போய் நேர்ல கொடுக்கச் சொல்லு உங்க பரிசை. சின்னப் புள்ள ஆசையை எடுத்து விளையாடறது எந்த ஊர் ம்புயாத்தனம்?"

பதிலுக்குக் காத்திராமல் முபாங்கா போனை வைத்துவிட்டாள்.

அன்று மாலை ஜெரே வழக்கம்போல் தன் முக்காலியைத் தூக்கிக்கொண்டு வந்தார். முபாங்கா வாசல் கதவை முழுதாகத் திறக்கவில்லை.

"என்ன, குரங்குக் கறி வேகுதா? பங்கு கேட்பேன்னு பயமா?"

"ம்புயா, நீங்க என்னை என்ன வேணா சொல்லுங்க, செத்தவரை என்ன வேணா சொல்லுங்க. புள்ளையைத் தொடாதீங்க."

ஜெரே முக்காலியைக் கீழே வைத்தார். "நான் என்ன பண்ணேன்?"

"அக்கா பொண்ணைப் பேச வச்சீங்களே, டிவி சேனல்னு."

"எந்த அக்கா பொண்ணு? அவ சிபாட்டாவுக்குப் போய் ரெண்டு வாரமாச்சு." அவர் உண்மையாகவே விழித்தார். "இது அநியாயம். செஞ்ச கேலிக்கே நான் இன்னும் முழுசாத் திட்டு வாங்கல, செய்யாததுக்கு வேறயா?"

அப்போது போன் மூன்றாவது முறையாக அடித்தது. ஜெரே இரண்டு கைகளையும் விரித்து உயர்த்திக் காட்டினார். ஒன்றிலும் போன் இல்லை. முபாங்கா மெதுவாக எடுத்தாள்.

"அம்மா, தயவு செஞ்சு வச்சிடாதீங்க. நான் எலி தின்னிதான், ஒத்துக்கறேன். என் பேரு சோக்கோ, ங்கோனிதான். ஆனா நீங்க நினைக்கிற எலி தின்னி நான் இல்லை."

முபாங்காவுக்கு முகமெல்லாம் சூடேறியது.

"முன்னாடி கூப்பிட்டப்ப நீங்க பெட்டின்னு சொன்னீங்களே. நிஜமாவா?"

"நிஜம்தாம்மா. ஆறு வாரம் ஆச்சு. ஷிஃப்ட் முடிஞ்சு வந்தார், ராத்திரி படுத்தார். அவ்வளவுதான்."

"இருபத்திமூணாம் தேதிக்கு அப்புறம் அவர்கிட்டேருந்து ஒண்ணும் வரல. உங்க தெருவுல கரண்ட் இல்லை போலன்னு நினைச்சேன்."

ஒரு டிவி ஆபீஸ் பெண்ணுக்குத் தன் தெருவின் மின்வெட்டைப் பற்றி என்ன தெரியும் என்று முபாங்காவுக்குப் புரியவில்லை. கேட்பதற்குள் சோக்கோ மற்றதைச் சொன்னாள். குலுக்கலில் வந்தது கபாசோவின் பெயர். சனிக்கிழமை காலை பத்து மணிக்கு, கிட்வே மாலில், அரசாங்கப் பதிவு அட்டையோடு அவர் நேரில் வர வேண்டும். வராவிட்டால் வேறு சீட்டு எடுப்பார்கள்.

"விதி அப்படித்தாம்மா இருக்கு. கிடைக்கும்னு நான் சத்தியம் பண்ண மாட்டேன். ஆனா வாங்க. புள்ளையையும் கூட்டிட்டு வாங்க."

அன்று வெகுநேரம் முபாங்காவும் ஜெரேயும் வாசலில் உட்கார்ந்து யோசித்தார்கள். குழந்தையிடம் சொல்லி அழைத்துப் போய், இல்லை என்றாகிவிட்டால்? அப்பா இரண்டாவது முறை போன மாதிரி ஆகாதா?

"சொல்ல வேணாம்" என்றார் ஜெரே. "எனக்குச் சட்டை வாங்கப் போறோம்னு சொல்லு. என் சட்டையைப் பார்த்தா யாருமே நம்புவாங்க."

சனிக்கிழமை மினிபஸ்ஸில் போனார்கள். சட்டைக் கதை மாலின் கண்ணாடிக் கதவு வரைதான் தாங்கியது. உள்ளே நுழைந்ததும் பலூன் வளைவும், படத்தின் பெரிய போஸ்டரும், ஆள் உயரத்துக்கு மஞ்சள் இறகு உடுத்திய குருவியும் தெரிந்தன. லோம்பே நின்றாள். அம்மாவின் சுண்டுவிரலை மட்டும் பிடித்து, எலும்பு நோகும் அளவுக்கு இறுக்கினாள். முபாங்காவுக்குத் திரும்பிப் போய்விடலாமா என்றிருந்தது.

மேஜைக்குப் பின்னால் இருந்தவர் சேனலின் மேலாளர் சிம்வின்கா. பக்கத்தில் ஒல்லியாக, கழுத்தில் அடையாள அட்டையோடு நின்றவள்தான் சோக்கோ, குரலால் தெரிந்தது. முபாங்கா கைக்குட்டையைப் பிரித்துக் கணவனின் பதிவு அட்டையை வைத்தாள்.

சிம்வின்கா கெட்ட மனிதர் இல்லை. எழுந்து நின்று இரண்டு கையாலும் அவள் கையைப் பிடித்து துக்கம் கேட்டார். பிறகு உட்கார்ந்து கண்ணாடியைத் துடைத்தார்.

"போன வருஷம் இதே மாதிரி ஒருத்தர் இறந்து போயிட்டார்மா. அவர் பேரைச் சொல்லி ரெண்டு குடும்பம் வந்துச்சு, ரெண்டுமே நாங்கதான் மனைவின்னு. மேடையிலயே அடிதடி. அதுக்கப்புறம்தான் இந்த விதி. போட்டியில பதில் சொன்னவர் நேர்ல நிக்கணும். நான் மீறினா லுசாக்கா தலைமை ஆபீஸ்ல என் வேலை போயிடும்."

"புரியுதுங்க" என்றாள் முபாங்கா. அவள் அட்டையை எடுக்கக் கை நீட்டியபோது, காலடியில் ஏதோ நகர்ந்தது. ஜெரே தொப்பியைக் கழற்றித் தலைக்கு வைத்துக்கொண்டு, மேஜைக்கு முன்னால் பளபளத்த தரையில் நீட்டிப் படுத்திருந்தார்.

"என்ன பண்றீங்க?" சிம்வின்கா எட்டிப் பார்த்தார்.

"படுத்திருக்கேன்."

"நீங்க யாரு?"

"செத்தவரோட ம்புயா."

சுற்றி நின்றவர்கள் சிரித்தார்கள். பெட்டி போகும் வழியில் ம்புயா படுத்துக்கொண்டால், கேட்டதைக் கொடுக்காமல் பெட்டி நகராது என்பது அந்த ஊரில் எல்லோருக்கும் தெரியும். சிம்வின்காவுக்கும் தெரியும்.

"ஐயா, இது கடைத்தெரு. சாவு வீடு இல்லை."

"சாவு எங்க இருக்கோ அங்க எங்களுக்கு டியூட்டி. இந்தப் பெம்பாக்காரங்களுக்கு வாயில்லை, மரம்தான் ஏறத் தெரியும். எனக்கு வாய் இருக்கு."

"எழுந்திருங்க ம்புயா, சட்டை அழுக்காவுது" என்றாள் முபாங்கா, வெட்கத்தில் குரல் இறங்கி.

"ஆகட்டும். புதுசு வாங்கத்தானே வந்திருக்கோம்?"

இந்தக் கூத்துக்கு நடுவில் சோக்கோ மேஜையைச் சுற்றி வந்து, ஒரு நீல ஃபைலை மேலாளர் முன்னால் வைத்தாள்.

"சார், கபாசோ பேரு ஒதுக்கின குவியல்லேருந்துதான் வந்துச்சு, ஞாபகமிருக்கா? பதில் ஒரே வார்த்தையா இல்லைன்னா மெஷின் தூக்கிப் போட்டுடும். சரியான பதிலையும் தூக்கிப் போடுதுன்னு நான் சண்டை போட்டு அதையெல்லாம் குலுக்கல்ல சேர்த்தேனே. ஏன் சண்டை போட்டேன்னு நீங்க கேட்கவேயில்லை. இவர் எழுதினதைப் படிங்க."

சிம்வின்கா படித்தார். முதலில் மனதுக்குள். பிறகு, ஏனென்று தெரியாமல், சத்தமாக.

"மாலை வணக்கம். நீங்களும் வீட்டில் உள்ளவர்களும் நலமா? நாங்கள் நலம். குருவி தேனைக் காட்டிவிட்டு எதைத் தின்னும் என்று கேட்டிருந்தீர்கள். நான் தேன் என்றேன். என் மகள் மெழுகு என்கிறாள். மெழுகு என்றே வைத்துக்கொள்ளவும். பதில் சொன்னவர் லோம்பே. எழுதியவர் அவள் அப்பா கபாசோ."

ஒரு வார்த்தை அனுப்ப ஏன் அவ்வளவு நேரமாயிற்று என்று முபாங்காவுக்கு இப்போது தெரிந்தது. அந்த நான்கு இலக்க எண்ணுக்குப் பின்னால் ஓர் ஆள் உட்கார்ந்திருப்பதாக அவர் நம்பியிருக்கிறார். ஆள் இருக்கும் இடத்தில் நலம் விசாரிக்காமல் எப்படி விஷயத்துக்கு வருவது? அவர் வளர்ந்த வீட்டில் கோடரி இரவல் கேட்கப் போனாலும் முதலில் ஆடு மாடு வரை விசாரித்துவிட்டுத்தான் கேட்பார்கள். சிம்வின்கா அடுத்த தாளைப் படித்தார்.

"மாலை வணக்கம். இன்று எங்கள் தெருவில் மின்சாரம் இல்லை. உங்கள் கேள்வியைப் பார்க்க முடியவில்லை. மறந்துவிட்டோம் என்று நினைக்க வேண்டாம். கேள்வி எதுவானாலும் யானை என்று சொல்லிவிடுங்கள் என்கிறாள் லோம்பே. பதில் சொன்னவர் லோம்பே. எழுதியவர் அவள் அப்பா."

தரையில் படுத்திருந்த ஜெரே ஒருக்களித்து மேஜைக்குக் கீழே முகத்தை மறைத்துக்கொண்டார்.

"இருபத்திமூணு இருக்கு சார்" என்றாள் சோக்கோ. "எல்லாத்துலயும் கடைசி வரி அதேதான். பதில் சொன்னவர் நேர்ல வரணும்னு விதி. வந்திருக்காங்க."

சிம்வின்கா ஃபைலை மூடினார். மேஜைக்கு மேல் குனிந்து லோம்பேவைப் பார்த்தார். "அப்படியா? பாப்பா, நான் ஒரு கேள்வி கேட்கறேன். குருவிக்குத் தேன்கூட்டை உடைக்கத் தெரியாது. உதவிக்கு அது யாரைக் கூப்பிடும்?"

லோம்பே அம்மாவின் விரலை விட்டாள். முழங்காலை மடித்துத் தாழ்ந்து, உள்ளங்கைகளைக் குவித்து மூன்று முறை மெல்லத் தட்டினாள். "வணக்கங்க. நல்லா இருக்கீங்களா? வீட்ல எல்லாரும் நல்லா இருக்காங்களா?"

"நல்லா... நல்லா இருக்கோம்" என்றார் அவர்.

"மனுஷங்களைக் கூப்பிடும்."

சிம்வின்கா பேனாவை எடுத்தார். "இவங்கதான். லுசாக்காவுக்கு வேற சாட்சி எதுக்கு?" வெற்றியாளர் பெயர் என்ற இடத்தில் லோம்பே என்று எழுதி, பெற்றவர் கையெழுத்துக்காகத் தாளை முபாங்காவிடம் நகர்த்தினார். "குடும்பத்தோட படம். குடும்பம்னா, கீழே கிடக்கற இவரும் சேர்த்தியா?"

"இவர் இல்லாம எப்படிங்க?" என்றாள் முபாங்கா.

ஜெரே எழுந்து தூசியைத் தட்டிக்கொண்டார். "நடு சீட்டு எனக்கு."

படத்தை முபாங்கா பாதிதான் பார்த்தாள். மீதி நேரம் திரையின் வெளிச்சம் மகளின் முகத்தில் மாறுவதைப் பார்த்துக்கொண்டிருந்தாள். ஆறு வாரமாக அந்த முகத்தில் இல்லாத ஏதோ ஒன்று வந்து உட்கார்ந்திருந்தது. குருவி வழி தவறியபோது லோம்பே எழுந்து நின்று, "அந்தப் பக்கம் இல்ல, இந்தப் பக்கம்!" என்று கத்தினாள். முபாங்கா அவளை உட்காரச் சொல்லவில்லை. அதற்குள் ஜெரேயும் எழுந்து கத்திக்கொண்டிருந்தார்.

வெளியே வந்தபோது பலூன்களை அவிழ்த்துக்கொண்டிருந்தார்கள். குருவி தன் தலையைக் கழற்றிக் கக்கத்தில் வைத்துக்கொண்டு தண்ணீர் குடித்தது. சோக்கோ நீல ஃபைலை முபாங்காவிடம் கொடுத்தாள்.

"இது உங்களோடது. தினமும் ஆயிரக்கணக்குல ஒத்தை வார்த்தையாப் பார்த்துப் பார்த்து எனக்குப் பைத்தியம் பிடிச்ச மாதிரி இருக்கும். ஆறு மணி எப்ப ஆகும், இவர் என்னை எப்ப நலம் விசாரிப்பார்னு காத்திருப்பேன். எங்க வீட்லகூட யாரும் அப்படிக் கேட்டதில்லை ம்புயா."

முபாங்கா அங்கேயே ஒரு நாற்காலியில் உட்கார்ந்து கடைசித் தாளைப் பார்த்தாள். இருபத்திமூன்றாம் தேதி.

"மாலை வணக்கம். நீங்கள் நலமா? இன்றைய பதில் அத்திமரம். நாளை முதல் எனக்கு மதிய ஷிஃப்ட். ஆறு மணிக்கு வீட்டில் இருக்க மாட்டேன். லோம்பேவின் அம்மா எழுதுவாள். அவள் சுருக்கமாகத்தான் எழுதுவாள், கோபம் என்று நினைக்க வேண்டாம். அவள் என்னைவிட நல்லவள். இதுவரை பொறுமையாகப் படித்ததற்கு நன்றி. பதில் சொன்னவர் லோம்பே. எழுதியவர் அவள் அப்பா."

மதிய ஷிஃப்ட் என்று அவர் அவளிடம் சொல்லவே இல்லை. மறுநாள் காலையில் சொல்லிக்கொள்ளலாம் என்று நினைத்திருப்பார்.

அவள் அழுதாள், ஆனால் அது நெஞ்சை அடைக்கும் அழுகையாக இல்லை. இவ்வளவையும் குப்பையில் போகவிடாமல் ஒருத்தி உட்கார்ந்து படித்திருக்கிறாள். இல்லாவிட்டால் இவை எங்கே போயிருக்கும்? முகத்தைத் துடைத்துக்கொண்டு, "பேனா இருக்காம்மா?" என்று கேட்டாள்.

சோக்கோ கொடுத்தாள். ஃபைலின் பின்னட்டையில் ஒரு வெற்றுத்தாள் இருந்தது. முபாங்கா அதை உருவி மேஜையில் வைத்து எழுத ஆரம்பித்தாள். மதிய வணக்கம் என்று தொடங்கி, சோக்கோவின் நலத்தை விசாரித்தாள், அவள் அம்மாவின் நலத்தையும் விசாரித்தாள். ஒரு பக்கம் நிறைந்தது. தாளைத் திருப்பினாள்.

"மினிபஸ் கிளம்பறான்!" வாசலிலிருந்து ஜெரே கத்தினார். "அங்க என்ன, குரங்கு வம்சத்துச் சரித்திரமா எழுதற?"

"அடுத்ததுல போகலாம், எலி தின்னி" என்றாள் முபாங்கா நிமிராமல். லோம்பே மேஜைமேல் முகவாயை வைத்துக்கொண்டு, அம்மாவின் கை நகர்வதைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"குருவியை ரொம்பப் பிடிச்சுதுன்னு எழுதும்மா."

"எழுதறேன். நீ சொன்னேன்னு எழுதறேன்."